கேளுங்கோ, கதைப்பம்: 56 வயசில மெலியிற ஊசி

இந்த முறை கனபேர் ஒரே விசயத்தைத்தான் கேட்டு எழுதியிருக்கிறீங்கள், மெலியிற ஊசி. வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் வட்ஸ்அப்பில சொல்லுகினம், இஞ்ச பக்கத்து வீட்டு ஆக்கள் ஒரு மாதிரிச் சொல்லுகினம், நீங்கள் நடுவில நிண்டு தடுமாறுறீங்கள் எண்டு விளங்குது. நான் டொக்டர் இல்லை, வார்ட்டிலயும் கிளினிக்கிலயும் கனகாலம் நிண்டு ஓய்வெடுத்த தாதி. போடுங்கோ, போடாதேங்கோ எண்டு தீர்ப்புச் சொல்லுறது என்ர வேலை இல்லை, ஆனா டொக்டரிட்டப் போக முன்னம் என்னென்ன தெரிஞ்சிருக்கோணும், போனா என்ன கேக்கோணும் எண்டு என்னால சொல்ல ஏலும்.

கேள்வி: அக்கா, எனக்கு 56 வயசு. உயரம் 5 அடி 1 அங்குலம், நிறை 84 கிலோ. மாதவிடாய் நிண்டு 5 வருஷம், அதுக்குப் பிறகுதான் வயிறு இப்பிடி வைச்சது. பிரஷருக்குக் குளிசை போடுறனான். முழங்கால் நோவால கிணத்தடிக்குப் போய்வாறதே பெரும்பாடு, கோயில்ல நிலத்தில இருந்தா எழும்ப ஆராவது கை தரோணும். கனடாவில இருக்கிற மகள் ஓசெம்பிக் எண்ட மெலியிற ஊசி போட்டு 14 கிலோ குறைஞ்சவ, ஊருக்கு வாற ஆரிட்டயாவது 3 ஊசிப் பேனை குடுத்து விடுறன் எண்டு நிக்கிறா. ஆசையாவும் இருக்கு, பயமாவும் இருக்கு. இன்னொண்டு, சொல்ல வெக்கமா இருக்கு. 2009 இல கஞ்சிக்கு வரிசையில நிண்ட நாளில இருந்து எனக்குக் கோப்பையில ஒரு பருக்கை விட மனம் வாறேல்ல, பேரப்பிள்ளையள் விட்ட சோத்தையும் நான்தான் சாப்பிட்டு முடிக்கிறனான். இந்த ஊசி போட்டாப் பசியே வராதாம். அதை நினைக்க எனக்கு என்னவோ செய்யுது.
ஒரு அம்மா, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, நீங்கள் கடைசியா எழுதினதைத்தான் நான் முதல் எடுக்கப்போறன். நீங்கள் வெக்கப்படுற அந்த விசயம் எங்கட ஆக்கள் கனபேரிட்ட இருக்கு, ஆரும் வாய் திறந்து சொல்லுறேல்ல. அந்த வரிசையில நானும் நிண்டனான். சிரட்டையில வாங்கின கஞ்சியில உப்பு இருந்துதோ எண்டு கூட நினைவில்லை, அந்தச் சூடு மட்டும் இப்பவும் கையில இருக்கு. அதுக்குப் பிறகு சோத்தைக் கொட்டுறதெண்டா எங்களுக்குப் பாவம் செய்யுற மாதிரித்தான். இதைப் போய் வாய்க்கு அடக்கம் இல்லை எண்டு ஆரும் சொன்னா நீங்கள் காதில எடுக்காதேங்கோ. ஆனா ஊசி தொடங்கினா இது உண்மையாவே ஒரு சிக்கலா வரும், ஏனெண்டா வயிறு காணும் எண்டு சொல்லும், கை கோப்பையை முடிக்கப் பார்க்கும், அப்பிடி முடிச்சா அண்டைக்குச் சத்திதான். கோப்பையில மிச்சம் வைச்சுப் பழகுங்கோ எண்டு நான் உங்களிட்டக் கேக்கமாட்டன். அரிசி அளக்கேக்க மாத்துங்கோ. 2 சுண்டு போடுற இடத்தில ஒண்டரைச் சுண்டு போடுங்கோ, உங்களுக்கெண்டு ஒரு சின்னக் கோப்பை எடுங்கோ, பேரப்பிள்ளையள் விட்டது தண்ணி ஊத்தி வைச்சா விடியப் பழஞ்சோறு, இல்லாட்டிக் கோழிக்குப் போகட்டும். அதுவும் வீண் போறது இல்லைத்தானே.

இனி ஊசிக்கு வருவம். நாங்கள் சாப்பிட்டாப் பிறகு குடல் ஜி.எல்.பி-1 எண்ட ஒரு ஹோர்மோனை விடும், அது மூளைக்குப் போய்க் காணும் எண்டு சொல்லும், வயித்தில இருந்து சாப்பாடு இறங்குறதை ஆறுதலாக்கும், ரத்தத்தில சீனி கூடினா இன்சுலினைச் சுரக்கப்பண்ணும். ஆனா அது சில நிமிஷத்திலயே உடைஞ்சு போயிடும். ஓசெம்பிக்கில இருக்கிற செமக்லுடைட் எண்ட மருந்து அதே வேலையைச் செய்துகொண்டு நாள்க்கணக்கா உடம்பில நிக்கும், அதாலதான் கிழமைக்கு ஒருக்காப் போட்டாக் காணும். அமெரிக்காவில 2017 இல ஓசெம்பிக்குக்கு அனுமதி குடுத்தது சீனி வருத்தத்துக்கு, அதே மருந்துக்குக் கூடின அளவில வெகோவி எண்ட பேரில 2021 இல உடல் பருமனுக்கு அனுமதி குடுத்தவை. பசியே செத்துப்போகும் எண்டு பயப்பிடாதேங்கோ, கனபேருக்கு நடக்கிறது என்னெண்டா நாள் முழுக்க மனசுக்குள்ள ஓடுற சாப்பாட்டு நினைப்பு அடங்கும், கெதியா வயிறு நிரம்பும், அவ்வளவுதான்.

உங்கட உயரத்துக்கும் நிறைக்கும் பி.எம்.ஐ, அதாவது உயரத்துக்கு நிறை எவ்வளவு எண்டு பார்க்கிற கணக்கு, 35 வருது. எங்கட ஆசிய ஆக்களுக்கு 27.5 தாண்டினாலே ஆபத்துக் கூட எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பிரஷரும் இருக்கு, முழங்காலும் இருக்கு, அதால நீங்கள் இதைக் கேக்கிறதில ஒரு பிழையும் இல்லை. 2021 இல வந்த பெரிய ஆய்வில 68 கிழமை போட்ட ஆக்களுக்கு சராசரியா 15 வீத நிறை குறைஞ்சது, மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவைக்கு 2.4 வீதம்தான். உங்களுக்கு 15 வீதம் எண்டா 12 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. முழங்காலுக்கும் தனியா ஒரு ஆய்வு 2024 இல வந்தது, முழங்கால் தேய்வும் உடல் பருமனும் உள்ள 407 பேர், சராசரி வயசு உங்கட 56 தான், அதில 5 பேரில 4 பேர் பொம்பிளையள். 100 புள்ளி அளவில நோவு 42 புள்ளி மட்டில இறங்கினது, வெறும் ஊசி போட்டவைக்கு 27.5. நிறை இறங்க முழங்கால் ஆறுதலடையும் எண்டுறது உண்மை.

நான் கவலைப்படுறது வேற ஒண்டுக்கு. குறையிற 12 கிலோவும் முழுக்கக் கொழுப்பு இல்லை, அதில கால்வாசியோ அதுக்கு மேலயோ தசையா இருக்கலாம். 25 வயசுப் பிள்ளைக்கு அது திரும்ப வரும். மாதவிடாய் நிண்ட எங்களுக்கு எலும்பும் தசையும் ஏற்கனவே தேய்ஞ்சுகொண்டு போகுது, அந்த நேரத்தில சோறும் குறைஞ்சு மீனும் குறைஞ்சு ஒரு பிளேன்ரீயோட நாள் போனா, தராசில மெலிஞ்சிருப்பீங்கள், ஆனா கிணத்தடியில வாளி தூக்க ஏலாமப் போயிடும். அதால முதல் வாய் மீனோ முட்டையோ பருப்போ போகோணும், சோறு பிறகு. ஒரு முட்டையில 6 கிராம் புரதம், 100 கிராம் மீனில 20 கிராம் மட்டில, அவிச்ச கௌபி ஒரு கோப்பி கப்பில 10 கிராமுக்குக் கூட. உங்கட அளவு ஆக்களுக்கு நாளுக்கு 70, 80 கிராம் தேவைப்படும். காலமை ரெண்டு முட்டை, மத்தியானம் குளத்து மீன் ரெண்டு துண்டு, பின்னேரம் கௌபியோ கடலையோ அவிச்சு ஒரு சுண்டல், இரவு பயறோ தயிரோ எண்டு பிரிச்சுச் சாப்பிட்டா அண்டக்கிண்ட வந்திடும்.

கூடவே இதைச் செய்யுங்கோ. கை பிடி இல்லாத ஒரு கதிரையைச் சுவரோட அண்டி வையுங்கோ, அசையக்கூடாது. கையை நெஞ்சில குறுக்கா வைச்சுக்கொண்டு இருந்து எழும்புங்கோ, 30 செக்கனில எத்தினை தரம் எழும்புறீங்கள் எண்டு பேரப்பிள்ளையை எண்ணச் சொல்லுங்கோ. 60 இல இருந்து 64 வயசுப் பொம்பிளையளுக்கே 12 தரமாவது வரோணும். முதல் நாள் 6 தான் வந்தாலும் அதைக் கலண்டரில எழுதுங்கோ, கிழமையில 3 நாள் செய்யுங்கோ, ஊசி தொடங்க முன்னமே தொடங்குங்கோ. நிறை குறைய இந்தக் கணக்கு ஏறோணும். நிறையும் குறைஞ்சு இதுவும் குறைஞ்சா உடன கிளினிக்கில சொல்லுங்கோ.

மகளின்ர 3 பேனைக்கு நான் ஓம் எண்டு சொல்லமாட்டன். பிள்ளை அன்பில சொல்லுறா, அது வேற. ஆனா இந்த மருந்தை 0.25 மில்லிகிராமில தொடங்கி 4 கிழமைக்குப் பிறகு 0.5 க்குப் போய் மெல்ல மெல்லத்தான் கூட்டுறது. மகள் இப்ப 1 மில்லிகிராமில நிக்கிறா எண்டு வைப்பம், அந்தப் பேனையை நீங்கள் முதல் நாளே போட்டா நாலஞ்சு நாள் சத்தியும் வயித்தோட்டமுமாக் கிடப்பீங்கள். அதோட 3 பேனை 3 மாசத்துக்குத்தான் காணும். பிறகு? ஒண்டு கட்டாயம் செய்யோணும், தொடங்க முன்னம் கிளினிக்கில கிரியேற்றினின் எண்ட சிறுநீரக ரத்தச் சோதனை. எங்கட வன்னியில, முக்கியமா வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம், காரணம் பிடிபடாத சிறுநீரக வருத்தம் இருக்கிறது உங்களுக்குத் தெரியும், அது கடைசி மட்டும் வெளியில தெரியாது. சத்தியும் வயித்தோட்டமும் வந்து, வெயிலும் கொளுத்தி, தாகமும் எடுக்காம இருந்தா அந்தச் சிறுநீரகம் தாங்காது. சிறுநீரகத்தில பிழை எண்டா நான் மேல சொன்ன புரதக் கணக்கும் மாறும், அதையும் டொக்டரிட்டயே கேளுங்கோ. குடும்பத்தில ஆருக்கும் மெடுலரி எண்ட வகைத் தைரொயிட் புற்றுநோய் இருந்தா இந்த ஊசி கூடவே கூடாது. முந்திக் கணையத்தில அழற்சி வந்ததோ, பித்தப்பையில கல்லோ எண்டா அதையும் சொல்லுங்கோ. நிறை இறங்க பிரஷரும் இறங்கும், அப்ப பழைய குளிசையின்ர அளவு கூடிப்போய்த் தலை சுத்தலாம், அதையும் ஆரோ ஒராள் பக்கத்தில இருந்து பார்த்துக் குறைக்கோணும். கனடாவில இருந்து அதைச் செய்ய ஏலாது, முல்லைத்தீவு ஆஸ்பத்திரியிலயோ புதுக்குடியிருப்பிலயோ உங்கட கிளினிக் கொப்பியைத் திறந்து பார்க்கிற ஒராளாலதான் ஏலும். மகளை உதவச் சொல்லுங்கோ, ஆனா இஞ்சத்தை டொக்டர் எழுதித் தாறதுக்குக் காசு அனுப்புற உதவியா இருக்கட்டும்.

நடு வயித்தில குத்தி முதுகுக்குப் பாயுற நோவு சத்தியோட வந்தா, கண் மஞ்சளிச்சா, ஒரு நாள் முழுக்கச் சலம் போகாட்டி, திடீரெண்டு ஒரு கண் பார்வை மங்கினா, அடுத்த கிளினிக் மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதேங்கோ. 1990 க்கு அடியுங்கோ, அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை.

கேள்வி: இவருக்கு 61 வயசு, சீனி வருத்தம் 14 வருஷமா இருக்கு. கிளினிக்கில மெட்போமினும் கிளிக்லசைட்டும் தாறவை. ஒன்றரை மாசத்துக்கு முன்னம் தனியார் டொக்டர் ஒராள் இந்த ஊசியும் தொடங்கினவர். போன கிழமை வயலுக்குள்ள நிக்கேக்க வேர்த்து ஊத்தி, கை நடுங்கி, வரம்பில இருந்திட்டார். களைப்பு எண்டு அவர் சொல்லுறார். ஊசியை நிப்பாட்டவோ?
கிளிநொச்சியில இருந்து

பதில்: பிள்ளை, அது வெறும் களைப்பா எனக்குத் தெரியேல்ல, சீனி இறங்கினது மாதிரித்தான் இருக்கு. ஊசி தனியச் சீனியைப் பாதாளத்துக்குக் கொண்டு போறது குறைவு, ஏனெண்டா அது சீனி கூடின நேரத்திலதான் இன்சுலினைத் தூண்டும். கிளிக்லசைட் அப்பிடி இல்லை, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் அது இன்சுலினைப் பிழிஞ்சுகொண்டே இருக்கும். முந்தி ரெண்டு கோப்பை சோறு சாப்பிட்டவருக்குக் குடுத்த குளிசை, இப்ப அரைக் கோப்பையோட எழும்பிறவருக்குக் கூடிப்போச்சு. இன்சுலின் போடுற ஆக்களுக்கும் இதே கதைதான். இந்த ஊசி தொடங்கேக்கயே அந்தக் குளிசையைக் குறைக்கிறதைப் பற்றி யோசிக்கோணும், ஆனா ஊசி எழுதினவருக்குக் கிளினிக் குளிசை தெரியாது, கிளினிக்குக்கு ஊசி தெரியாது, நடுவில உங்கட மனுசன் வரம்பில இருக்கிறார்.

நீங்களா ஒண்டையும் நிப்பாட்டாதேங்கோ. அடுத்த கிளினிக் திகதி வரட்டும் எண்டும் இருக்காதேங்கோ, நாளைக்கே கொப்பியையும் ஊசிப் பெட்டியையும் ஒரு பையில போட்டுக்கொண்டு ரெண்டு பேருமாப் போங்கோ. அது மட்டும் அவர் வயலுக்குப் போனாச் சேர்ட் பொக்கற்றில ஒரு சின்னப் பொட்டலம் சீனி இருக்கோணும். நடுக்கம் வந்தா 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கோணும், 15 நிமிஷத்தில சரிவராட்டித் திரும்ப. மெஷினில பார்க்க 70 க்குக் கீழ எண்டா அது இறக்கம்தான். தனிய மோட்டார் சைக்கிள் ஓடவும் விடாதேங்கோ. ஒரு கண் சோதனையும் கேளுங்கோ, 14 வருஷம் சீனி இருந்தவருக்குச் சீனி சடாரெண்டு இறங்கினா கண்ணுக்குப் பின்னால இருக்கிற ரத்தக்குழாய்க் கோளாறு கொஞ்சநாளைக்குக் கூடலாம்.

கேள்வி: எங்கட வீட்டில பிரிட்ஜ் இல்லை. பேனையை மண்பானைத் தண்ணிக்குப் பக்கத்தில வைக்கலாமோ? எனக்கு 52, அக்காவுக்கு 58, விலை கூட எண்டபடியா ஒரு பேனையை ஊசிமுனை மாத்தி ரெண்டு பேரும் போடலாமோ? பேஸ்புக்கில மலிவா வருது, பவுடராக் கரைக்கிற குப்பியும் வருது, அதை வாங்கலாமோ?
மல்லாவி

பதில்: ரெண்டாவதுக்கு முதல் பதில்: வேண்டாம். ஊசிமுனையை மாத்தினாலும் போடேக்க கண்ணுக்குத் தெரியாத அளவில ரத்தம் பேனைக்குள்ள இழுபடலாம், ஈரல் அழற்சிக் கிருமி எல்லாம் அந்த வழியாத் தொத்தும். சொந்த அக்கா எண்டாலும் வேண்டாம்.

திறக்காத பேனை 2 இல இருந்து 8 பாகை வரைக்குள்ள இருக்கோணும், உறைஞ்சா எறியத்தான் வேணும், அதால பிரிட்ஜில பனிப் பெட்டிக்குப் பக்கத்திலயும் வைக்கக்கூடாது. தொடங்கின பிறகு ஓசெம்பிக் பேனையை 6 கிழமைக்கு வெளியில வைக்கலாம், ஆனா 30 பாகைக்குக் கீழ, மற்ற ஊசியளுக்குக் கணக்கு வேற, பெட்டிக்குள்ள இருக்கிற தாளைப் பாருங்கோ. எங்கட பங்குனி சித்திரை வெயிலில தகரக் கூரை வீட்டுக்குள்ள 30 எங்க நிக்கப்போகுது, மண்பானைப் பக்கம் குளிர்தான், ஆனா அதை நம்பி விலை கூடின மருந்தை வைக்க ஏலாது. பக்கத்து வீட்டுப் பிரிட்ஜ் நல்ல யோசனை, பேரையும் திறந்த திகதியையும் எழுதி ஒரு டப்பாக்குள்ள வைச்சுக் குடுங்கோ, கரண்ட் போனாக் கதவைத் திறக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. போட முன்னம் வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ, பச்சைத் தண்ணி மாதிரித் தெளிவா இருக்கோணும், கலங்கினதைப் போடாதேங்கோ.

விலையைப் பற்றி ஒண்டு. பேஸ்புக்கில மலிவா வருது, பவுடராக் கரைக்கிற குப்பி வருது எண்டு எழுதியிருந்தனீங்கள். 2024 ஆனியில உலக சுகாதார நிறுவனம் போலி ஓசெம்பிக் பேனையளைப் பற்றி உலகம் முழுக்க எச்சரிச்சது, பிரேசிலிலயும் பிரித்தானியாவிலயும் அமெரிக்காவிலயும் பிடிபட்டது. அங்கயே புகுந்த போலி இஞ்ச வராதெண்டு இல்லை. டொக்டரின்ர துண்டோட பாமசியில வாங்கி, பில் எடுத்து வையுங்கோ. அந்த விலையில ஒரு வருஷம் வாங்க ஏலுமோ எண்டு முதலே ரெண்டு பேருமா இருந்து கணக்குப் பாருங்கோ.

கேள்வி: நான் ஆசிரியை, 53 வயசு. 8 மாசமா ஊசி போட்டு 11 கிலோ குறைஞ்சிருக்கு. ஸ்ராஃப் ரூமில நடந்து மெலிய ஏலாத சோம்பேறி எண்டு கதைக்கினம், ஒராள் வருத்தம் ஏதும் பிடிச்சிட்டுதோ எண்டும் கேட்டவ. வெறுத்துப்போய் நிப்பாட்டலாம் எண்டு இருக்கிறன். நிப்பாட்டினா என்ன நடக்கும்?
வவுனியா

பதில்: ரீச்சர், அவையின்ர கதைக்காக நிப்பாட்டாதேங்கோ. பிரஷர் குளிசை போடுறவரைப் பார்த்து நடந்து பிரஷரைக் குறைக்க ஏலாத சோம்பேறி எண்டு ஆரும் சொல்லுறேல்லையே. நிறை குறையத் தொடங்கினா உடம்பு அதை ஒரு பஞ்சமா நினைச்சுப் பசியைக் கூட்டும், செலவழிக்கிற சக்தியைக் குறைக்கும், அதோட நீங்கள் 30 வருஷமா மல்லுக்கட்டியிருப்பீங்கள், அது உங்கட மனத்திடத்தின்ர குறை இல்லை. இது வடிவுக்கு மட்டும் போடுற ஊசியும் இல்லை. 45 வயசும் அதுக்கு மேலயும் உள்ள 17,604 பேரில செய்த ஒரு ஆய்வு 2023 இல வந்தது, எல்லாரும் நிறை கூடின, இருதய வருத்தமோ பாரிசவாதமோ ஏற்கனவே வந்த, சீனி இல்லாத ஆக்கள். மாரடைப்பு, பாரிசவாதம், இருதயத்தால சாவு எல்லாம் சேர்த்து வெறும் ஊசி போட்டவையில 8 வீதம், மருந்து போட்டவையில 6.5 வீதம். அதுவும் ஒரு உயிர்க்கணக்குத்தான்.

நிப்பாட்டினா என்ன நடக்கும் எண்டு ஒளிக்காமச் சொல்லுறன். 2021 ஆய்வில போட்ட ஆக்களில கொஞ்சப்பேரை நிப்பாட்டி ஒரு வருஷம் பார்த்தவை, குறைஞ்ச நிறையில மூண்டில ரெண்டு பங்கு திரும்ப ஏறிட்டுது. உங்கட 11 கிலோவில 7 கிலோ மட்டில எண்டு வையுங்கோ. ஏறேக்க வாறது பெரும்பாலும் கொழுப்புத்தான், போன தசை அப்பிடியே வாறேல்ல. அதால காசுக்காகவோ வேற வருத்தத்துக்காகவோ நிப்பாட்ட வேண்டி வந்தா, டொக்டரிட்டச் சொல்லி, உடற்பயிற்சியும் சாப்பாடும் ஒரு ஒழுங்குக்கு வந்த நேரமாப் பார்த்து நிப்பாட்டுங்கோ. ஆற்றையோ வாய்க்குப் பயந்து ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுக்கிற முடிவா இது இருக்கக்கூடாது. வருத்தமோ எண்டு கேட்டவவுக்கு ஓம், மருந்து எடுக்கிறன், சுகமா இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ, அதுக்கு மேல விளக்கம் குடுக்கத் தேவையில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 59. ஊசி தொடங்கி 2 மாசம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருக்கப்போறன் எண்டு நிக்கிறா. இருக்கலாமோ?
முழங்காவில்

பதில்: ஆறு நாளும் தண்ணியும் இல்லாம எண்டா வேண்டாம் தம்பி. பசி தெரியாததால அவவுக்கு விரதம் சுகமா இருக்கும், அதுதான் பயம், தாகமும் சிலருக்குக் குறையும், மூண்டாம் நாள் தலை சுத்தி விழுந்தாப் பிறகுதான் தெரியவரும். சீனிக் குளிசையோ இன்சுலினோ எடுக்கிறவ எண்டா டொக்டரைக் கேளாமத் தொடங்கவே கூடாது. பாலும் பழமும் இளநியும் எடுத்து, ஒரு நேரம் பயறோ தயிரோ சேர்த்துப் பிடிக்கிற விரதமும் எங்கட ஊரில காலங்காலமாப் பிடிக்கிறதுதான், அதை அம்மாவோட ஆறுதலா இருந்து கதையுங்கோ. சூரன்போர் அண்டைக்குச் சனத்துக்குள்ளயும் வெயிலுக்குள்ளயும் நிக்கப்போறா, பக்கத்தில நீங்கள் ஒரு போத்தல் தண்ணியோட நில்லுங்கோ, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா ரெண்டு மிடறு குடிக்கக் குடுங்கோ.